கடல் இல்லாத மாவட்டத்தில் மீன்வளப் பொருளாதார ஆய்வு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மீன்வளப் பொருளாதாரம் என்றதும் பேச்சு ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் காசிமேட்டுக்கும் போய்விடும். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருந்துகொண்டு இந்தத் தலைப்பை எடுத்தால் "இங்க ஏதுங்க கடல்?" என்றுதான் கேட்பார்கள். கடல் இல்லைதான். ஆனால் மேட்டூர் அணையின் மேல்நீர் ஒட்டனூர், நாகமரை, ஏமனூர் வரை வந்து நிற்கிறது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளியும் கிருஷ்ணகிரி அணையும் இருக்கின்றன. பாம்பாறு, பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி என்று சிறு அணைகள், பாரூர் ஏரி, ஊருக்கு ஊர் ஏரி, குளம், பண்ணைக்குட்டை, கடைசியாக ஒகேனக்கல். இத்தனை வகை நீரில், இத்தனை வகை உரிமையில் மீன் பிடிக்கும் இடம் கடற்கரையில்கூடக் குறைவு.

முதுகலை ஆய்வு செய்பவர்கள், தொண்டு நிறுவனங்களில் கள ஆய்வு செய்பவர்கள், மீனவர் கூட்டுறவு சங்கத்துக்கோ ஊராட்சிக்கோ கணக்குப் போட்டுத் தர நினைப்பவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. ஒரு முழு ஆய்வுக்கு 12 மாதம் ஒதுக்குங்கள். அதைவிடக் குறைந்தால் ஒரு பருவம் விடுபட்டுப்போகும்.

முதல் வேலை: தண்ணீர் யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலான ஆய்வுகள் கிலோவில் தொடங்குகின்றன: எவ்வளவு மீன், என்ன விலை, எவ்வளவு லாபம் என்று. இந்த வரிசை தவறு. மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் லாபத்தைக் கணக்கிட்டால், அந்த லாபம் யார் பைக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. ஒரே கட்லா, ஒரே எடை, ஒரே விலைதான். ஆனால் குத்தகை ஏரியில் அதன் உபரி குத்தகைத் தொகையாக வெளியே போய்விடும், அணையில் உரிமக் கட்டணமாகவும் பங்காகவும் பிரியும், சொந்தக் குட்டையில் நில உரிமையாளரிடம் தங்கும், ஆற்றில் வலைக்காரர்களிடையே கரைந்துபோகும்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் ஆராயப்போகும் ஒவ்வொரு நீர்நிலைக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள். நீர்நிலையின் உடைமை யாருடையது: நீர்வளத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, ஊராட்சியா, தனியாரா? மீன்பாசி உரிமை, அதாவது அதில் மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம்? இந்த இரண்டும் வேறு வேறாக இருப்பது சாதாரணம். உரிமை எந்த வடிவில் இருக்கிறது: ஏலமா, கூட்டுறவு சங்கக் குத்தகையா, ஆள்வாரி உரிமமா, பங்கு முறையா? காலம் எவ்வளவு? குஞ்சு விடும் செலவு யாருடையது?

காலத்தைக் குறிக்கும்போது கவனம் தேவை. ஏரிக் குத்தகை பசலி ஆண்டில் ஓடும்: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. அரசின் செலவுக் கணக்கோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. இரண்டையும் ஒரே 'ஆண்டு' என்ற பத்தியில் போட்டுவிட்டால், ஒரு பருவத்தின் குஞ்சுச் செலவுக்கு எதிரே வேறொரு பருவத்தின் பிடிப்பு வந்து உட்காரும். முடிந்தவரை எல்லாவற்றையும் மாதவாரியாக வாங்கி, பிறகு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏலத் தொகையையும் அப்படியே நம்ப வேண்டாம். பல ஊர்களில் போட்டி இருக்காது. ஊரே பேசி ஒருவரைக் குறைந்த தொகைக்கு எடுக்கவைத்து, மீதியைக் கோயிலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அலுவலகப் பதிவேட்டில் உள்ளது பாதிதான். மீதி ஊர்க் கணக்கு நோட்டில் இருக்கும். குத்தகைதாரரிடம் "ஏலத் தொகை எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "ஏரியைக் கையில் எடுக்க மொத்தம் எவ்வளவு ஆச்சுங்க அண்ணே?" என்று கேளுங்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

'கிருஷ்ணகிரி மாவட்ட மீன்வளத்தின் பொருளாதாரம்' என்பது தலைப்பே தவிர கேள்வி ஆகாது. ஒரு நல்ல கேள்வியில் ஒரு நீர்வகை, ஒரு முடிவெடுப்பவர், அவர் எடுக்கப்போகும் ஒரு முடிவு ஆகிய மூன்றும் இருக்கும். "ஊராட்சி ஏரியை ஓராண்டுக் குத்தகைக்கு விடுவதா, பல ஆண்டுக் குத்தகைக்கு விடுவதா, எதில் குத்தகைதாரர் பெரிய விரலிகளை (விரல் நீளம் வளர்ந்த மீன் குஞ்சுகளை) விடுவார்?" என்பது அப்படிப்பட்ட கேள்வி. "ஆழ்துளைக் கிணற்று நீரில் ஓடும் ஒரு ஏக்கர் குட்டை, தண்ணீருக்கு விலை வைத்தால் தாங்குமா?" என்பது இன்னொன்று. "கடல் மீன்பிடித் தடைக்காலம் தருமபுரிச் சந்தையில் ஏரி மீன் விலையை ஏற்றுகிறதா?" என்பதும் செய்யத்தக்கதே, அதில் ஒரு கண்ணி இருக்கிறது, பின்னால் வருகிறது.

கோட்பாடு: எது இங்கே பொருந்தும், எது பொருந்தாது

1954இல் பொருளாதார அறிஞர் கார்டன், மீன் ஆய்வாளர் ஷேஃபர் இருவரும் தனித்தனியே எழுதியவற்றைச் சேர்த்துத்தான் இன்றும் பாடம் நடக்கிறது. உரிமை வரையறுக்கப்படாத நீரில், உபரி வருவாய் இருக்கும்வரை புதுப்புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கடைசியில் மொத்த வருவாயும் மொத்தச் செலவும் சமமாகி, யாருக்கும் எதுவும் மிஞ்சாது. கடலுக்கும், ஓரளவு ஒகேனக்கல் ஆற்றுக்கும் இது பொருந்தும்.

கிருஷ்ணகிரி அணைக்கும் ஏரிகளுக்கும் இந்த மாதிரியை அப்படியே பொருத்துவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை. ஷேஃபர் மாதிரியில் மீன் தானாகப் பெருகுகிறது. இங்கே பிடிபடும் கட்லா, ரோகு, மிர்காலில் பெரும்பகுதி விட்ட குஞ்சு. எவ்வளவு குஞ்சு விட்டோம், எந்த அளவில் விட்டோம், தண்ணீர் எத்தனை மாதம் நின்றது என்பவைதான் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. தானாகப் பெருகுவது ஜிலேபி மீன் (திலாப்பியா). ஆகவே வகைவாரியாகப் பிரித்து, விட்ட இனங்களுக்கு ஓர் உற்பத்திச் சார்பும் (குஞ்சு, தண்ணீர் போன்றவற்றிலிருந்து பிடிப்பைக் கணிக்கும் சூத்திரம்) தானே பெருகும் இனங்களுக்குத் தனிக் கணக்கும் வையுங்கள். எல்லாவற்றையும் 'மொத்த மீன்' என்று கூட்டினால் ஜிலேபியின் பெருக்கம் குஞ்சு விட்டதன் பலன்போலத் தெரியும்.

பொதுநீரை ஊரார் தாங்களே விதி வகுத்துக் காப்பதைப் பற்றி எலினோர் ஆஸ்ட்ரம் (2009இல் பொருளாதார நோபல் பெற்றவர்) செய்த ஆய்வும் ஏரி ஊர்களுக்கு நேரடியாக உதவும். யார் உள்ளே வரலாம், யார் காவல், மீறினால் என்ன தண்டம் என்ற அவருடைய கேள்விகளை அப்படியே தமிழில் கேட்கலாம். ஊர்ப் பெரியவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

அலுவலகத்தில் என்ன வாங்குவது

மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் நேரில் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 6(1)இல் மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "மீன்வளம் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்டால் வராது. இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட அணையில் 10 ஆண்டுகளுக்கு மாதவாரியாக, இனவாரியாக இருப்பு செய்த விரலிகளின் எண்ணிக்கை, விட்டபோது அவற்றின் அளவு, மாதவாரிப் பிடிப்பு கிலோவில், உரிமம் பெற்றவர்கள் எண்ணிக்கை, வசூலான தொகை. ஒரே மனுவில் ஓர் அணை போதும்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலத்திலும், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரியிலும் இருந்தவை. 2004க்கு முந்தைய 'தருமபுரி மாவட்ட' எண்ணில் கிருஷ்ணகிரியும் அடக்கம். வரைபடத்தில் அந்த ஆண்டில் உற்பத்தி திடீரென்று விழுந்ததாகக் காட்டி, அதற்கு வறட்சிக் காரணம் எழுதிவிட வேண்டாம்.

நீர்வளத் துறையிடம் தினசரி நீர்மட்டமும், நீர்மட்டத்துக்கு ஏற்பப் பரப்பும் கொள்ளளவும் காட்டும் அட்டவணையும் வாங்குங்கள். கிருஷ்ணகிரி அணையின் முழு மட்டம் 52 அடி, மேட்டூர் 120 அடி. அட்டவணை இல்லாமல் வெறும் அடிக்கணக்கு எதற்கும் உதவாது.

ஹெக்டேருக்கு எத்தனை கிலோ: எந்த ஹெக்டேர்?

அறிக்கைகளில் 'ஹெக்டேருக்கு இத்தனை கிலோ' என்று வரும் எண்ணின் பிடிப்பைவிட அதன் பரப்பில்தான் சந்தேகம் அதிகம். பதிவேட்டில் இருப்பது முழு மட்டப் பரப்பு. ஊத்தங்கரைப் பக்கம் ஓர் ஏரி ஆண்டில் சில மாதம்தான் அந்தப் பரப்பில் இருக்கும், சில ஆண்டுகள் நிறையவே நிறையாது. 40 ஹெக்டேர் ஏரியில் 12 ஹெக்டேரில்தான் தண்ணீர் நின்றிருந்தால், 6,000 கிலோ பிடிப்பு ஹெக்டேருக்கு 150 என்றும் சொல்லலாம், 500 என்றும் சொல்லலாம். கொள்கை முடிவு தலைகீழாக மாறிவிடும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம். 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கிறது. பச்சை அலைவரிசை (3), அண்மை அகச்சிவப்பு அலைவரிசை (8) இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு வரும். பூஜ்யத்துக்கு மேல் இருப்பதைத் தண்ணீராக எடுத்துக்கொண்டு, கரையோரத்தில் கைபேசியில் ஜிபிஎஸ் புள்ளி எடுத்துச் சரிபாருங்கள். மாதத்துக்கு மேகமில்லாத ஒரு படம் போதும். அக்டோபர், நவம்பரில் மேகம் தொந்தரவு செய்யும். முன்பின் மாதங்களை வைத்து இடைநிரப்புங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரி படத்தில் தரையாகத் தெரியும். கரையோரம் பச்சையாக இருப்பதைப் பார்த்து "தண்ணீர் வற்றிவிட்டது" என்று முடிவு கட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

12 மாதப் பரப்பின் சராசரிதான் உங்கள் வகுக்கும் எண்.

கரையில் அளப்பது

எத்தனை பேரைக் கேட்பது? பிடிப்பில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட சிதறல்) 50 சதவீதம், ஏற்கும் பிழை 10 சதவீதம் என்று வைத்தால், 95 சதவீத நம்பகத்துக்கான 1.96ஐ 5ஆல் (50 ÷ 10) பெருக்கி வர்க்கம் எடுக்க 96 பேர் வரும். ஆனால் ஒரே ஊரில் மீன் எடுப்பவர்கள் ஒன்றுபோல் இருப்பார்கள். ஊருக்கு 8 பேர், ஊருக்குள் ஒப்புமை 0.1 என்றால் 1 + 7 × 0.1 = 1.7 மடங்கு, 96 என்பது 163 ஆகிறது. அதாவது சுமார் 20 ஊர். வசதி இல்லை என்றால் ஊரைக் குறைக்காதீர்கள், ஊருக்குள் ஆளைக் குறையுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். இரவில் வலை கட்டிவிட்டு விடியலில் பரிசலில் போய் எடுப்பவரிடம் காலை 9 மணிக்குப் போனால் வலை உலர்த்திக்கொண்டிருப்பார், மீன் போயிருக்கும். மீன் கரைக்கு வரும் நேரத்தில் தராசோடு நில்லுங்கள். கூடை எடையைத் தனியே கழியுங்கள். நனைந்த கூடை காய்ந்த கூடையைவிடக் கனம். ஒரு இடத்தில் 'பெரிசு' என்பது ஒரு கிலோவுக்கு மேல், இன்னொரு இடத்தில் இரண்டு கிலோவுக்கு மேல். தரத்தைச் சொல்லில் எழுதாமல் கிராமில் எழுதுங்கள்.

"வருஷத்துக்கு எவ்வளவு பிடிப்பீங்க?" என்று கேட்டால் வருவது நல்ல மாதத்தின் பன்னிரண்டு மடங்கு, அல்லது, உங்களை அதிகாரி என்று நினைத்தால், மோசமான மாதத்தின் பன்னிரண்டு மடங்கு. கடைசி மூன்று முறை போனதை மட்டும் கேளுங்கள்: எந்த நாள், எத்தனை வலை, கண் அளவு என்ன, எத்தனை மணி நேரம், என்ன மீன், யாருக்குக் கொடுத்தீர்கள், வீட்டுக்கு எவ்வளவு வைத்தீர்கள். வீட்டுக்கு வைத்த மீனும் வருவாய்தான். அதைச் சந்தை விலையில் சேருங்கள்.

உழைப்பின் அலகு 'ஆள்-நாள்' அல்ல, 'வலை-இரவு'. ஒருவர் 10 வலை கட்டுவார், இன்னொருவர் 40. வலை-இரவுக்கு எத்தனை கிலோ என்பதை வைத்து நீரில் மீன் அதிகமா குறைவா என்று ஊகிக்கிறோம். இதில்தான் கோடையில் ஏமாறுவோம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சுருங்கும்போது மீன் ஒரே இடத்தில் திரளும், வலைக்கு நிறைய விழும். மீன் பெருகிவிட்டதாக எண்ணிக்கொள்வோம். உண்மையில் கடைசி மீன்கள் பிடிபட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நீர்ப்பரப்பைக் கட்டாயம் விளக்கும் மாறியாக வையுங்கள். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்ததுபோன்ற நிகழ்வு உள்ள ஆண்டுக்குத் தனிக் குறி போடுங்கள்.

முன்பணத்தைத் தனிக் கேள்வியாக வையுங்கள். வலை வாங்க வியாபாரியிடம் பணம் வாங்கியவர் அவருக்கே மீன் தர வேண்டும், விலையும் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும். அந்தக் குறைவுதான் வட்டி. "வட்டி கட்டறீங்களா?" என்றால் "இல்லைங்க" என்பார், அது பொய்யும் இல்லை. முன்பணம் வாங்காதவருக்கு அதே நாளில் அதே மீனுக்குக் கிடைத்த விலையோடு ஒப்பிட்டு, ஆண்டு வட்டியாக நீங்களே மாற்ற வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகும்போது தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். மீன் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு இனத்துக்கும் புகைப்பட அட்டை ஒன்று கையில் இருந்தால் குழப்பம் வராது.

பண்ணைக்குட்டைக் கணக்கு

இங்கே எல்லாரும் 'நல்ல லாபம்' என்று சொல்லும் தொழில் இது. ஒரு ஏக்கர் கெண்டைக் குட்டைக்கு ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் கள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெக்டேருக்கு 10,000 விரலிகள் என்ற வழக்கமான இருப்பின்படி ஏக்கருக்கு 4,000. 70 சதவீதம் பிழைத்து, சராசரி 700 கிராம் வந்தால் 1,960 கிலோ. கிலோ 110 ரூபாய் என்றால் வரவு 2,15,600.

விரலிகள், ஒன்று ரூ. 2.50 வீதம்: 10,000
மிதவைத் தீவனம், கிலோ மீனுக்கு 1.5 கிலோ வீதம் 2,940 கிலோ, கிலோ ரூ. 42: 1,23,480
சுண்ணாம்பு, சாணம்: 6,000
நீரேற்றம்: 12,000
வலை இழுப்பு: 10,000

கைவிட்டுப் போன பணம் 1,61,480. மிச்சம் 54,120. குட்டைக்காரர் சொல்லும் லாபம் இதுதான். அவர் கையில் எண்ணிப் பார்த்த பணம் அது.

இனி ஆய்வாளரின் வேலை. குட்டை வெட்டியது 2,00,000, பத்தாண்டு ஆயுள் என்றால் தேய்மானம் 20,000, மிச்சம் 34,120. தினம் ஒன்றரை மணி நேரம் தீவனம் போட்டு, காவல் காத்த குடும்ப உழைப்பு ஆண்டுக்குச் சுமார் 68 முழு நாள், நாள் 450 என்றால் 30,600, மிச்சம் 3,520. அந்த நிலத்தை வேறு பயிருக்கு விட்டால் வந்திருக்கும் வாடகை 15,000; இப்போது 11,480 நஷ்டம். இதில் வட்டியைச் சேர்க்கவே இல்லை. லாபமும் நஷ்டமும் இல்லாத சமன் விலை கிலோவுக்கு ஏறக்குறைய 116 ரூபாய்.

பயிர்ச் செலவில் வேளாண் விலை ஆணையம் பயன்படுத்தும் ஏ1 (கையிலிருந்து போன செலவும் தேய்மானமும்), ஏ2 (அதோடு குத்தகை நிலத்துக்குக் கொடுத்த வாடகை), சி2 (அதோடு குடும்ப உழைப்பு, சொந்த நிலத்தின் வாடகை, சொந்த முதலின் வட்டி) என்ற பிரிப்பையே இங்கும் பயன்படுத்துங்கள். எந்தச் செலவு வரை கழித்தீர்கள் என்று சொல்லாத 'நிகர லாபம்' எந்த ஆய்விலும் ஒப்பிட முடியாத எண்.

அடுத்து எந்த எண்ணை ஆட்டினால் முடிவு ஆடுகிறது என்று பாருங்கள். பிழைப்பு 70இலிருந்து 80 சதவீதம் ஆனால் மீன் 2,240 கிலோ, தீவனமும் கூடும். நஷ்டம் போய் 1,680 ரூபாய் மிஞ்சும். தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிலோ தீவனம் என்பது) 1.5இலிருந்து 1.8 ஆனால் நஷ்டம் 36,176. விலை 130 ஆனால் 27,720 லாபம். பிழைப்பு 10 சதவீதம் கூடுவதால் கிடைப்பதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கைத் தீவன விரயம் தின்றுவிடுகிறது. ஆகவே கள ஆய்வில் தீவன மூட்டை எண்ணிக்கையைப் பில்லோடு சரிபார்க்கச் செலவிடும் நேரம் வீண்போகாது. விலை இவ்வளவு ஆட்டுவதால், குட்டைக் கரையில் சில்லறையாக விற்பவரையும் மொத்தமாக வியாபாரிக்குப் போடுபவரையும் ஒரே சராசரியில் சேர்க்காதீர்கள்.

பிழைப்பு விகிதத்தை யாரும் நேரடியாகச் சொல்ல முடியாது. விட்ட எண்ணிக்கையையும் பிடித்த எண்ணிக்கையையும் வைத்துத்தான் வரும். குஞ்சு வாங்கும்போது குவளையில் அளந்து 'ஆயிரம்' என்று கொடுப்பார்கள். மூன்று குவளையை எண்ணிப் பார்த்துச் சராசரி எடுத்தால்தான் உண்மை இருப்பு தெரியும்.

தண்ணீருக்கு விலை வைப்பது

தருமபுரியில் இதைத் தவிர்த்தால் ஆய்வு பாதிதான். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் நிரப்ப 60 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் மட்டும் தினம் 20,000 லிட்டர் போகிறது. செம்மண் தரையில் கசிவு அதற்கு மேல். இந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது என்றால், குட்டைக்காரர் தருவது மோட்டார் செலவு மட்டும்; பக்கத்துத் தோட்டத்துக் கிணறு இறங்குவதன் செலவு யார் கணக்கிலும் இல்லை.

விலை வைக்க எளிய வழி, அதே நீரை அந்த ஊரில் டேங்கரிலோ பக்கத்து வயலுக்கோ விற்கும் விலையை எடுப்பது. டேங்கர் விலை மிக அதிகமாகக் காட்டும்; அதை மேல் எல்லையாகவும் மோட்டார் செலவைக் கீழ் எல்லையாகவும் வைத்து, இரண்டுக்கும் நடுவே முடிவு எங்கே புரள்கிறது என்று காட்டுங்கள். மறுபுறம், குட்டை நீரை மாந்தோப்புக்கும் தென்னைக்கும் பாய்ச்சுபவருக்கு மீன் உபவருமானம்தான். அங்கே முழு நீர்ச் செலவையும் மீன்மேல் ஏற்றுவது அநியாயம். பாய்ச்சிய நாட்களின் விகிதத்தில் பிரியுங்கள்.

தென்பெண்ணையில் நுரை பொங்கி வரும் மாசு வேறு வகைக் கணக்கு. மீன் செத்து மிதந்த நிகழ்வில் செத்த மீனின் எடையை மட்டும் விலையாக்கினால் குறைவாக வரும். மீண்டும் குஞ்சு விடும் செலவு, அது வளரும்வரை இழந்த மாதங்களின் பிடிப்பு, வாங்குபவர்கள் பயந்து ஒதுங்கியதால் சரிந்த விலை ஆகியவற்றையும் சேருங்கள். ஆனால் எல்லாச் சாவும் மாசு அல்ல. மேகமூட்டமான நாட்களுக்குப் பின் விடியல் 4 முதல் 6 மணிக்குள் கரைந்த ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவதால் பச்சைப் பாசி படர்ந்த ஏரியில் மீன் சாகும். அளவீடு இல்லாமல் ஆலையைக் குற்றம் சொல்லும் அறிக்கை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கடல் கொள்கையை இங்கிருந்து ஆராய்வது: சந்தை விலை

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இன் கீழ், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மத்தி, அயிலை வரத்து குறையும்போது தருமபுரியில் ரோகு விலை ஏறுகிறதா? வாரம் இருமுறை, புதனும் ஞாயிறும், ஒரே நேரத்தில், ஒரே கடைகளில், எடைத் தரம் குறித்து விலை எழுதுங்கள். இரண்டு ஆண்டுத் தரவாவது வேண்டும்.

கண்ணி இதுதான்: தடைக்காலமும் ஏரி வற்றும் காலமும் ஒன்று. குத்தகைதாரர்கள் ஏப்ரல், மேயில் ஏரியை வழித்து எடுத்துவிடுவார்கள். கடல் மீன் குறைவதால் ஏற வேண்டிய விலை ஏரி மீன் குவிவதால் இறங்கும். இரண்டும் ரத்தாகி விலை நகராமல் நிற்கலாம். "தடையால் பாதிப்பில்லை" என்று எழுதிவிட்டால் தவறு. உள்ளூர் வரத்தையும் கிலோவில் பதிந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ஏரி வற்றாமல் நின்ற ஆண்டும் வற்றிய ஆண்டும் தரவில் இருந்தால் இன்னும் நல்லது.

பருவ மாறியை ஆங்கில மாதத்தில் போடாதீர்கள். புரட்டாசி ஏறக்குறைய செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 17 வரை. 'செப்டம்பர்' என்று போட்டால் பாதி கறி தின்னும் மாதம், பாதி தின்னாத மாதம். கார்த்திகையும் அப்படியே. ஒகேனக்கல் விலையைத் தனியே வையுங்கள்: அங்கே மீனோடு பொரித்துத் தரும் கூலியும் சுற்றுலா நெரிசலும் சேர்ந்திருக்கின்றன, ஆடிப்பெருக்கு வாரத்து விலை மாவட்ட விலை ஆகாது. ஓசூர் விலை பெங்களூருவோடு நடக்கும். அதைக் கிருஷ்ணகிரியோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் முன் இரண்டும் ஒன்றாக அசைகின்றனவா என்று பாருங்கள்.

கடல் பிடிப்புத் தரவுக்குக் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் எண்கள் அடிப்படை. அவை அடுக்கு மாதிரி முறையில் மதிப்பிட்டவை, ஒவ்வொரு படகாக எண்ணியவை அல்ல. மானியம் பற்றி எழுதுபவர்கள், உலக வணிக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17இல் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்ததைக் கவனத்தில் கொள்ளுங்கள். அது கடல் மீன்பிடிப்புக்கானது, உள்நாட்டு மீனையும் மீன் வளர்ப்பையும் தொடாது.

மானியத்தின் பலனை அளப்பது

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். மானியம் வாங்கியவரையும் வாங்காத பக்கத்து வீட்டுக்காரரையும் ஒப்பிடுவது பலவீனமான முறை: நிலமும் தொடர்பும் உள்ளவர்தான் முதலில் வாங்கியிருப்பார். விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களை ஒப்பீட்டுக் குழுவாக எடுங்கள். தனியார் கணக்கில் மானியம் வரவு. சமூகக் கணக்கில் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் பணம், வரவே இல்லை. இரண்டு பத்திகளாகக் காட்டுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குட்டையில் மீன் இருக்கிறதா, வெறும் தண்ணீர் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக் குறியுங்கள். இதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

தடை செய்யப்பட்ட கெளுத்தி

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை உண்டு. இந்த இரு மாவட்டங்களிலும் அதிகாரிகள் குட்டைகளை அழித்திருக்கிறார்கள். ஆனாலும் ஆய்வில் அதைக் காணாததுபோல் இருக்க முடியாது. கோழிக் கழிவில் வளர்வதால் தீவனச் செலவு மிகக் குறைவு; சந்தையில் அதன் விலை சட்டப்படி வளர்க்கும் கெண்டையின் விலையை அழுத்துகிறது. இதை வளர்ப்பவரிடம் கேட்டால் உண்மை வராது, ஆளுக்கும் ஆபத்து. சில்லறைக் கடையில் எடையும் விலையும் பார்த்து மதிப்பிடுங்கள். பெயர், சர்வே எண், ஜிபிஎஸ் புள்ளி எதையும் எழுதாதீர்கள். எழுதாத தகவலை யாரும் உங்களிடமிருந்து வாங்க முடியாது.

அறிக்கை

பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. வளர்ப்புத் தொழில்நுட்ப எண்களை அங்கே ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒற்றை எண் தராமல் கீழ் எல்லை, மேல் எல்லை தாருங்கள். பரிந்துரை எழுதும்போது யாருடைய உரிமை கூடுகிறது, யாருடையது குறைகிறது என்று பெயர் சொல்லாமல் தரப்பு சொல்லி எழுதுங்கள். "பல ஆண்டுக் குத்தகை நல்லது" என்றால் ஏலத்தில் நிற்க முடியாத சிறு வலைக்காரருக்கு என்ன ஆகும் என்ற வரியும் அதே பக்கத்தில் வர வேண்டும்.

தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று தனியே தயாரித்து, மே மாதத்துக்குள் ஊராட்சியிலும் சங்கத்திலும் கொடுத்துவிடுங்கள். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கிவிட்டால் ஏலம் முடிந்திருக்கும். குத்தகை மூன்றாண்டு என்றால் உங்கள் எண்கள் மேசைக்கு வர மூன்றாண்டு ஆகும், அதற்குள் தீவன விலை மாறியிருக்கும்.